சிமுலேட்டரில் நிஜமான ஏடிசி பேச்சு: வாகைக்குளத்தை (தூத்துக்குடி விமான நிலையம்) வீட்டு ஏர்போர்ட்டாக வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் கம்ப்யூட்டரில் விமான சிமுலேட்டர் பழகும் பையன்கள் சிலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏடிசியோடு, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டோடு, ரேடியோவில் பேசப் பழக்கியிருக்கிறேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். விமானம் ஓட்டுவதில் குறை இருக்காது. ரேடியோவில் ஒரு குரல் வந்ததும் கை நின்றுவிடும். "அண்ணே, அவரு சொன்னது ஒண்ணுமே வெளங்கல" என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆங்கிலத்தின் மேலும் கன்ட்ரோலரின் வேகத்தின் மேலும் பழி போடுவது வழக்கம். உண்மையில் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாமல் காத்திருப்பதுதான் சிக்கல். ஜங்ஷனில் டவுன் பஸ் கண்டக்டர் "வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை" என்று ஒரே மூச்சில் விழுங்கிச் சொன்னாலும் நமக்குப் புரிகிறது, ஏனென்றால் நிறுத்தங்கள் வரிசையாக மனதில் இருக்கின்றன. ஏடிசி பேச்சுக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு. அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகள் அதற்கேற்ற ஒழுங்கில் இருக்கின்றன, இடையில் எதையும் தாண்ட வேண்டாம்.

1. எந்த ஏடிசி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சிமுலேட்டரோடு வரும் ஏடிசியில் நீங்கள் பேசுவதே இல்லை. பட்டியலில் வரும் பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், அவ்வளவுதான். கேட்காமலே வேலை நடந்துவிடும் என்பதால் காது பழகாது. அதன் சொற்களும் பெரும்பாலும் அமெரிக்க வழக்கில் இருக்கும். டெலிவரி (பறக்க முதல் அனுமதி), கிரவுண்ட் (தரையில் ஓட்டுவது), டவர் (ரன்வே), அப்ரோச் (ஏர்போர்ட்டைச் சுற்றியுள்ள வான்வெளி) என்று யாருக்கு அடுத்து யார் என்பதைத் தெரிந்துகொள்ள மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது பியாண்ட்ஏடிசி, சேஇன்டென்ஷன்ஸ் போன்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள். மைக்கைப் பார்த்தாலே கூச்சப்படுகிறவர்களுக்கு இவை நல்ல மருந்து. குறை என்னவென்றால், நீங்கள் எப்படிக் குழப்பிச் சொன்னாலும் பெரும்பாலும் புரிந்துகொண்டு ஏற்றுக்கொள்ளும். அந்தத் தாராளமே கெட்ட பழக்கத்தை வளர்த்துவிடும். கூச்சம் போகும் வரை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது வேட்சிம், ஐவேஓ போன்ற இலவச வலையமைப்புகள். அங்கே கன்ட்ரோலர் இடத்தில் உங்களைப் போன்ற ஒரு ஆர்வலர், பயிற்சி எடுத்துத் தேர்வு முடித்து உட்கார்ந்திருப்பார். நிஜத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். இந்த வழிகாட்டி வேட்சிமை வைத்தே போகிறது. அங்கே கணக்கு தொடங்கியதும் புதியவர்களுக்கான ஒரு பாடமும் சின்னத் தேர்வும் இருக்கும், அதை முடித்தால்தான் இணைய முடியும். பாடத்தைத் தள்ளிவிட்டு விடைகளை எங்கேயாவது தேடி எழுதுகிறவர்கள் முதல் நாளே மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம்தான், ஒழுங்காகப் படித்துவிடுங்கள்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

மைக் உள்ள ஹெட்செட் கட்டாயம். ஸ்பீக்கரில் கேட்டு லேப்டாப் மைக்கில் பேசினால் கன்ட்ரோலரின் குரல் அவருக்கே திரும்பிப் போகும். விலை அதிகமாக இருக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் மைக்குக்குப் பெரிய எதிரி தலைக்கு மேல் சுற்றும் ஃபேன். சித்திரை வெயிலில் அதை நிறுத்திவிட்டு உட்காரச் சொல்ல எனக்கு மனம் வராது. மைக்கை வாய்க்கு நேர் முன்னால் வைக்காமல் உதட்டோரம் சற்றுக் கீழே வையுங்கள், நுரைத்தொப்பி போடுங்கள், டேபிள் ஃபேன் இருந்தால் முகத்துக்கு நேராக வேண்டாம். பிறகு வேட்சிம் மென்பொருளில் மைக் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எம்எஸ்எஃப்எஸ் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்) வைத்திருப்பவர்களுக்கு விபைலட், எக்ஸ்-பிளேனுக்கு எக்ஸ்பைலட்.

பேசும்போது அழுத்தும் பொத்தானை ஜாய்ஸ்டிக்கில் வையுங்கள். விசைப்பலகையில் வைத்தால், பேச அழுத்தும் அதே விசை சிமுலேட்டரில் வேறு ஏதாவது வேலையையும் செய்துவிடும். பிரேக் போட்டபடியே "டாக்ஸியிங்" என்று சொல்லிக்கொண்டிருந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நோட்டும் பேனாவும். இதை யாரும் மதிப்பதில்லை, ஆறாவது படியில் ஏன் என்று தெரியும்.

யுபிஎஸ் இருந்தால் நல்லது. கம்ப்யூட்டருக்கு மட்டும் போதாது, மோடத்தையும் அதில் சேருங்கள்.

3. சிமுலேட்டருக்குள் மாற்ற வேண்டியவை

சிமுலேட்டரின் சொந்த ஏடிசி குரலை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு கன்ட்ரோலர்கள் ஒரே நேரத்தில் பேசுவார்கள். சிமுலேட்டர் தானாக உருவாக்கும் விமானங்களையும் நிறுத்திவிடுங்கள். அவை கன்ட்ரோலரின் திரையில் தெரியாது. உங்கள் கண்ணுக்கு மட்டும் ரன்வேயில் ஒரு ஏர்பஸ் நிற்கும், அவரோ "கிளியர்ட் டு லேண்ட்" என்பார்.

நேரடி வானிலையைப் போடுங்கள். கன்ட்ரோலர் சொல்லும் காற்றும் க்யூஎன்ஹெச்சும் (உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தம்) நிஜ வானிலை அறிக்கையிலிருந்து வருவன. உங்கள் சிமுலேட்டரில் வேறு அழுத்தம் இருந்தால் இரண்டு பேரும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் தரைமட்டத்துக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 27 அடி.

இந்தியாவில் க்யூஎன்ஹெச் ஹெக்டோபாஸ்கலில் சொல்லப்படும். செஸ்னா 172 போன்ற விமானங்களில் அங்குலக் கணக்கு இருக்கலாம். 1008 என்று சொன்னால் அங்கே 29.77 வைக்க வேண்டும். ஒரு மாற்றுப் பட்டியலை அச்செடுத்து மேசையில் ஒட்டிவிடுங்கள்.

சார்ட்டுகளை (விமானிகளுக்கான வரைபடங்கள்) இந்திய விமான நிலைய ஆணையம் தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது. வாகைக்குளத்துக்கும் சென்னைக்கும் உள்ளதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: வாகைக்குளத்தின் ரன்வே அண்மையில்தான் நீட்டப்பட்டது. உங்கள் சிமுலேட்டரில் இன்னும் பழைய குட்டை ரன்வேயே இருக்கலாம். சார்ட்டையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏடிஆர் (சிறிய புரொப்பல்லர் பயணிகள் விமானம்) என்றால் இரண்டிலும் இறங்கும்.

4. பறக்காமல் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டுகிறார்கள். விமானம் இல்லாமலே, பார்வையாளராக வேட்சிமில் இணைய முடியும். வேட்சிம் ரேடார், சிம்அவேர் போன்ற வரைபடங்களில் எந்த ஊரில் கன்ட்ரோலர் இருக்கிறார் என்று பார்த்து, அந்த அலைவரிசையில் சும்மா உட்கார்ந்து கேளுங்கள்.

சும்மா என்றாலும் ஒரு வேலை உண்டு. ஒரே ஒரு விமானத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குச் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். அந்த விமானி பதில் சொல்வதற்குள் நீங்கள் வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். அவர் சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சில மாலைகள் இப்படிச் செய்தால், கன்ட்ரோலர் வாயைத் திறக்கும் முன்பே "இப்போது இவனை டவருக்கு மாற்றுவார்" என்று தோன்ற ஆரம்பிக்கும். அது தோன்றாத வரை பறக்கப் போகாதீர்கள்.

தொடக்கத்தில் இந்தியக் கன்ட்ரோலர்களைக் கேட்பது நல்லது. சொல்முறை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். அமெரிக்காவில் "அல்டிமீட்டர்", "பாயின்ட்" என்பார்கள், இங்கே "க்யூஎன்ஹெச்", "டெசிமல்". இரண்டையும் கலந்து கேட்டால் உங்கள் பேச்சு இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

5. எண்ணும் எழுத்தும்

ஆல்ஃபா, பிராவோ, சார்லி எல்லாருக்கும் தெரியும். தெரிந்தால் போதாது, யோசிக்காமல் வர வேண்டும். ரோட்டில் போகும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் படித்துப் பழகுங்கள். டிஎன் 72 வண்டி போனால் "டேங்கோ நவம்பர் செவன் டூ".

நம்மவர்களுக்கே உரிய ஒரு சறுக்கல் இங்கே உண்டு. போன் நம்பர் சொல்லும்போது "டபுள் செவன், ட்ரிபிள் ஃபோர்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். ரேடியோவில் அது கூடாது. 4477 என்பது "ஃபோர் ஃபோர் செவன் செவன்". பூஜ்யத்தை "ஓ" என்றும் சொல்ல வேண்டாம், "ஸீரோ" மட்டும்தான். ஒன்பது "நைனர்". மூன்றை "ட்ரீ" என்று சொல்வதுதான் முறை, நம் நாக்குக்கும் அது சுலபம்.

முழு நூறுகளில் ஃப்ளைட் லெவல் (உயரத்தை நூறு அடிகளில் சொல்லும் கணக்கு, 100 என்றால் 10,000 அடி) வந்தால் "ஃப்ளைட் லெவல் ஒன் ஹண்ட்ரட்" என்பார்கள். திசையும் ரன்வேயும் அப்படி இல்லை, ஒவ்வொரு இலக்கமாகத்தான். ஹெடிங் 100 என்பது "ஒன் ஸீரோ ஸீரோ". வாகைக்குளம் ரன்வே "ஒன் ஸீரோ" அல்லது எதிர்முனை "டூ எய்ட்".

அமெரிக்க உச்சரிப்பை வரவழைக்கப் பாடுபட வேண்டாம். நெல்லைக்காரன் ஆங்கிலமே போதும். கன்ட்ரோலருக்குத் தேவை ஒரே வேகமும் தெளிவும். வேகமாகப் பேசினால் கெட்டிக்காரன் என்று தெரியும் என்று நினைக்கிறார்கள். அவரை உங்களிடம் "சே அகெய்ன்" (மறுபடி சொல்லுங்கள்) என்று கேட்க வைத்தால் மிச்சம் பிடித்த நேரம் அங்கேயே போய்விடும்.

6. நோட்டில் எழுதும் முறை

பேசுவதற்கு முன் எழுதுங்கள். இரண்டு வகை எழுத்து உண்டு.

முதலாவது, நீங்கள் சொல்லப்போவது. பொத்தானை அழுத்தும் முன் முழு வாக்கியத்தையும் எழுதிவிடுங்கள். ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான்: யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும்.

இரண்டாவது, அவர் சொல்லப்போவது. பறப்பதற்கான முதல் அனுமதி நீளமாக வரும், அதில்தான் எல்லாரும் மூழ்குகிறார்கள். ஆனால் அதில் வரும் விஷயங்கள் உங்களுக்கு ஏறக்குறைய முன்பே தெரிந்தவை. நோட்டில் வரிசையாக இப்படி இடம் விட்டு வையுங்கள்: போகும் ஊர், ரன்வே, புறப்படும் வழி, முதல் உயரம், அலைவரிசை, ஸ்குவாக் (கன்ட்ரோலர் திரையில் உங்களை அடையாளம் காட்டும் எண்). ஊரும் வழியும் நீங்களே ஃப்ளைட் பிளானில் எழுதிக் கொடுத்தவை, அவற்றை நிரப்பிவிடலாம். ரன்வேயை ஏடிஐஎஸ் (ஏர்போர்ட்டின் வானிலையையும் ரன்வேயையும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒலிபரப்பு) சொல்லிவிடும். மிச்சம் காலியாக இருப்பது உயரமும் நாலு இலக்க ஸ்குவாக்கும்தான், சில நேரம் ஒரு அலைவரிசை. இரண்டு மூன்று எண்ணை எழுத யாருக்கும் கை நடுங்காது.

7. முதல் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்கள் வாகைக்குளத்திலிருந்து மதுரைக்குப் போக ஆசைப்படுவார்கள். கிட்டத்தட்ட நேர் வடக்கே 67 கடல்மைல், கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் எல்லாம் பக்கத்திலேயே தெரியும், சுலபம்தானே என்பார்கள். ரேடியோவுக்கு அது சுலபம் இல்லை. ஏடிஆரில் இருபது நிமிடத்துக்குள் ஏற்றம், இறக்கம், அலைவரிசை மாற்றம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

சென்னையிலிருந்து வாகைக்குளம் வாருங்கள். நேர்க்கோட்டில் சுமார் 285 கடல்மைல், ஏடிஆரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவில் மூச்சு விட நேரம் இருக்கும். சென்னையில் கன்ட்ரோலர் இருக்கும் வாய்ப்பும் அதிகம். இறங்கும் இடத்தில் பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டார், அதனால் இறக்கத்தில் பதற்றமும் குறைவு.

ஃப்ளைட் பிளானை சிம்பிரீஃப்பில் இலவசமாகப் போடலாம். நேரத்தை ஸூலுவில் (உலகப் பொது நேரம்) எழுத வேண்டும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழியுங்கள், இரவு எட்டு மணி என்றால் 1430. உயரத்துக்கும் ஒரு விதி உண்டு. தெற்கு, மேற்கு நோக்கி, அதாவது 180 முதல் 359 பாகை வரை போனால் ஆயிரம் அடிக் கணக்கில் இரட்டைப்படை லெவல். சென்னையிலிருந்து இங்கே வருவது தென்மேற்கு என்பதால் 160 (16,000 அடி). திரும்பிப் போகும்போது 170. தப்பான லெவலைக் கொடுத்தால் கன்ட்ரோலர் திருத்துவார், ஆனால் முதல் உரையாடலே திருத்தத்தில் தொடங்கும்.

வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்து விஎஃப்ஆர் (கண்ணால் பார்த்துப் பறக்கும் முறை) பறக்கிறேன் என்று சொல்லாதீர்கள். இந்திய வான்வெளியில் இருட்டிய பிறகு பொதுவாக அதற்கு இடம் இல்லை. ஐஎஃப்ஆர் (கருவிகளை வைத்துப் பறக்கும் முறை) பிளானே போடுங்கள்.

குறிப்புப் பகுதியில் புதியவர் என்று எழுதிவிடுங்கள். அதில் வெட்கம் எதற்கு? கன்ட்ரோலர் வேகத்தைக் குறைப்பார், கூட்டமான நேரத்தில் உங்களுக்குக் கொஞ்சம் இடம் விடுவார்.

அழைப்புப் பெயரை வாய்க்குச் சுகமாக வையுங்கள். எடுத்துக்காட்டுக்கு விடிஎன்இஎல்: "விக்டர் டேங்கோ நவம்பர் எக்கோ லிமா". நெல்லை என்றும் ஆயிற்று. விமானத்தில் எழுதியுள்ள பெயர், ஃப்ளைட் பிளான், இணையும் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். பாதிப் பெயரைச் சொல்லி அழைக்கும் வழக்கத்தை கன்ட்ரோலர்தான் தொடங்க வேண்டும், நீங்களாகச் சுருக்கக் கூடாது. அதே எழுத்துகளில் முடியும் இன்னொரு விமானம் அந்த அலைவரிசையில் இருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும்.

8. இணைவதும் முதல் அனுமதியும்

கேட்டிலோ பார்க்கிங்கிலோ நின்றபடி இணையுங்கள். ரன்வே மேல் இணைவது விதிமீறல். இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் மூக்குக்கு முன் திடீரென்று முளைப்பீர்கள்.

விமானத்தில் ரேடியோவுக்கு மின்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் அணைந்த நிலையில் தொடங்கி, ஏவியானிக்ஸ் போடாமல், "யாருமே பேசமாட்டேங்கிறாங்க" என்று காத்திருப்பவர்கள் நிறைய.

அலைவரிசைக்கு மாறியதும் உடனே பேசாதீர்கள். கொஞ்சம் கேளுங்கள். கன்ட்ரோலர் வேறொருவரிடம் கேள்வி கேட்டு பதிலுக்குக் காத்திருக்கலாம். அந்த இடைவெளி காலியானது இல்லை, அவருடையது.

இனி அழைப்பு. எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்கு மட்டும். "இன்ஃபர்மேஷன் சார்லி" என்பது நீங்கள் கேட்ட ஏடிஐஎஸ் அறிக்கையின் எழுத்து.

"சென்னை டெலிவரி, நமஸ்கார், விக்டர் டேங்கோ நவம்பர் எக்கோ லிமா, ஸ்டாண்ட் ஃபோர் ஃபைவ், இன்ஃபர்மேஷன் சார்லி, ரிக்வெஸ்ட் கிளியரன்ஸ் டு டூட்டிகோரின்."

இந்திய வானில் "நமஸ்கார்" சகஜம். முதல் அழைப்பில் ஒரு தடவை போதும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஓகே சார், தேங்க்யூ சார்" என்று வால் ஒட்டுவது நம் வளர்ப்பு. அதே நேரத்தில் பின்னால் மூன்று பேர் பேசக் காத்திருக்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் "ஸ்டாண்ட்பை" (காத்திருங்கள்) என்றால் பதில் வேண்டாம். மறுபடி அழைக்கவும் வேண்டாம்.

டெலிவரி இல்லையென்றால் கிரவுண்டை அழையுங்கள், அவரும் இல்லையென்றால் டவர், அதற்கு மேல் அப்ரோச், கடைசியாகச் சென்னை கன்ட்ரோல் (நடுவழி வான்வெளியைப் பார்ப்பவர்). மேலே இருப்பவர் பெரும்பாலும் கீழ் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார். ஆள் இல்லாத டவரின் அலைவரிசையில் மணிக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் புதியவர்களுக்கு இது தெரிவதில்லை.

9. திருப்பிச் சொல்வது

ரீட்பேக் சரியாக இருந்தால் மற்ற எல்லாக் குறைகளும் மன்னிக்கப்படும். இதில் நேரம் செலவழியுங்கள்.

கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டியவை: போகும் வழிக்கான அனுமதி, ரன்வேயில் நுழைய, கடக்க, இறங்க, கிளம்ப, அதன் முன் நிற்கச் சொல்லும் எல்லாமும், எந்த ரன்வே என்பது, க்யூஎன்ஹெச், ஸ்குவாக், புதிய அலைவரிசை, உயரம், திசை, வேகம். காற்று விவரத்தைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் உங்கள் பெயர்.

"ரோஜர்" என்றால் கேட்டேன் என்று மட்டும்தான் பொருள். ஆமாம் என்பதற்கு "அஃபர்ம்". செய்கிறேன் என்பதற்கு "வில்கோ". "டிசெண்ட் டு ஃப்ளைட் லெவல் ஒன் ஃபைவ் ஸீரோ" என்பதற்கு "ரோஜர்" என்று முடித்துக்கொண்டால், நீங்கள் 150 என்று கேட்டீர்களா 140 என்று கேட்டீர்களா என்பது யாருக்கும் தெரியாது. உயரத்தில் நிற்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவில் சர்க்கி தாத்ரி மேலே நடந்த மோதலைச் சொல்லலாம். 150-இல் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியது, 140-க்கு ஏறிவந்த சவுதி விமானத்தோடு மோதியது. 349 பேர் இறந்தார்கள்.

அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொல்லுங்கள், ஒழுங்கை மாற்றினால் நடுவில் ஒன்று விழுந்துவிடும். தவறாகச் சொன்னால் "நெகட்டிவ்" என்று தொடங்கித் திருத்துவார். திருத்தியதை மட்டும் மறுபடி தெளிவாகச் சொல்லுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். பாதி மட்டும் பிடிபட்டால், பிடிபட்டதைச் சொல்லிவிட்டு "சே அகெய்ன் ஸ்குவாக்" என்று விடுபட்டதை மட்டும் கேளுங்கள். முழுவதையும் மறுபடி கேட்டால் மறுபடியும் அதே இடத்தில்தான் சறுக்கும்.

புரியாமலே புரிந்ததுபோல ஊகித்துச் சொல்வதுதான் நான் பார்த்ததில் மோசமான பழக்கம். அது ஒரு தடவை தப்பித்துவிடும், அதனாலேயே ஒட்டிக்கொள்ளும்.

10. டாக்ஸியும் புறப்பாடும்

டாக்ஸி வழி வந்ததும் சார்ட்டில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சென்னையில் 07/25, 12/30 என்று இரண்டு ரன்வேக்கள் குறுக்காகப் போகின்றன. அனுமதி இல்லாமல் எதையும் கடக்கக் கூடாது. வழி தெரியவில்லையென்றால் நின்று கேளுங்கள். ஓடிக்கொண்டே யோசித்தால் தப்பான திருப்பத்தில்தான் முடியும்.

தயாரானதும் "ரெடி ஃபார் டிபார்ச்சர்" என்று சொல்லுங்கள். "டேக்-ஆஃப்" என்ற சொல்லை நீங்களாக எடுக்காதீர்கள். கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் அது வர வேண்டும். 1977-இல் டெனரிஃபே ரன்வேயில் 583 பேர் இறந்த மோதலில் இந்தச் சொல் கிளப்பிய குழப்பத்துக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது.

"லைன் அப்" என்றால் ரன்வேயில் நுழைந்து நிற்பது மட்டும். கிளம்புவது இல்லை. நிபந்தனையோடு வரும்போது கவனம்: "பிஹைண்ட் லேண்டிங் ஏர்பஸ், லைன் அப் ரன்வே டூ ஃபைவ், பிஹைண்ட்". "பிஹைண்ட்" இரண்டு தடவை வருவது வேண்டுமென்றேதான். உங்கள் பதிலிலும் இரண்டு தடவை வரட்டும். அந்த ஏர்பஸ் கண்ணில் படவில்லையென்றால் நுழையாதீர்கள்.

ரன்வேக்குள் போகுமுன் டிரான்ஸ்பாண்டர் (ஸ்குவாக்கையும் உயரத்தையும் கன்ட்ரோலர் திரைக்கு அனுப்பும் கருவி) ஸ்டாண்ட்பையில் இருந்து மாறிவிட்டதா என்று பாருங்கள். பலர் இதை மறந்து, கன்ட்ரோலர் திரையில் உயரம் காட்டாமல் பறந்துகொண்டிருப்பார்கள்.

11. வழியில்

கிளம்பியதும் டவர் அடுத்தவருக்கு மாற்றுவார். புதிய அலைவரிசையைத் திருப்பிச் சொல்லிவிட்டு மாறுங்கள். மாறச் சொல்லாமல் மாறாதீர்கள். புது இடத்தில் முதல் அழைப்பு சுருக்கமாக: பெயர், கடந்துகொண்டிருக்கும் உயரம், போய்ச் சேர வேண்டிய உயரம்.

டிரான்சிஷன் ஆல்டிட்யூட் (க்யூஎன்ஹெச்சை விட்டு எல்லாரும் ஒரே அழுத்தத்துக்கு மாறும் உயரம்) தாண்டியதும் 1013 வையுங்கள். அது எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும், சார்ட்டில் இருக்கும். சிமுலேட்டர் கதையாக 18,000 அடி என்று மனதில் வைத்திருப்பவர்கள் அமெரிக்கக் கணக்கை இங்கே கொண்டுவருகிறார்கள்.

இடையில் திரையில் ஒரு எழுத்துச் செய்தி வரலாம், குறிப்பிட்ட அலைவரிசையில் தன்னை அழைக்கும்படி. நீங்கள் ஒரு கன்ட்ரோலரின் எல்லைக்குள் வருகிறீர்கள் என்று அர்த்தம். விளம்பரம் என்று நினைத்து மூடிவிட வேண்டாம். பதில் இல்லாமல் போனால் கண்காணிப்பாளர் வருவார், இணைப்பைத் துண்டிக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

சாப்பிடக் கூப்பிட்டால் கன்ட்ரோலரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அரை மணிக்கு மேல் ஆள் இல்லாமல் விட்டுவைக்க விதி இடம் தராது. நிறுத்தி வைப்பதற்கும் அவரிடம் கேட்க வேண்டும்.

12. ஆள் இல்லாத வாகைக்குளத்தில் இறங்குவது

160-இலிருந்து இறங்க, ஆயிரம் அடிக்கு மூன்று கடல்மைல் என்ற கணக்கில் சுமார் 48 மைல். வேகம் குறைக்க இன்னும் கொஞ்சம். அறுபது மைல் இருக்கும்போதே "ரிக்வெஸ்ட் டிசென்ட்" என்று கேட்டுவிடுங்கள். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஊர் மேலேயே உயரத்தில் சுற்ற வேண்டியிருக்கும்.

கீழே யாரும் இல்லையென்றால் சென்னை கன்ட்ரோல் உங்களை யூனிகாமுக்கு (கன்ட்ரோலர் இல்லாத இடத்தில் விமானிகள் தங்களுக்குள் பேசும் அலைவரிசை) அனுப்பிவிடுவார், 122.8. இங்கே பலர் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஏடிசி இல்லாத இடத்தில்தான் நீங்கள் அதிகம் சொல்ல வேண்டும், யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

ரன்வேயை நீங்களே முடிவு செய்ய வேண்டும். வானிலை அறிக்கையைப் பாருங்கள். ஆனி, ஆடியில் கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு 28. ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குக் காற்றுக்குப் பெரும்பாலும் 10. 28-க்குப் பத்து மைல் ஃபைனல் (ரன்வேக்கு நேராக வரும் கடைசிப் பகுதி) என்றால் கடல் மேலிருந்து தொடங்கி தூத்துக்குடி நகரத்துக்குத் தெற்கே வருவீர்கள்.

பிறகு அறிவிப்பு: "டூட்டிகோரின் டிராஃபிக், விக்டர் டேங்கோ நவம்பர் எக்கோ லிமா, டென் மைல் ஃபைனல், ரன்வே டூ எய்ட், டூட்டிகோரின்." ஊர்ப் பெயரை முதலிலும் கடைசியிலும் சொல்வது, அதே அலைவரிசையில் வேறு ஊரில் இருப்பவர் குழம்பாமல் இருக்க. ஐந்து மைலில் ஒரு தடவை, ரன்வேயை விட்டு வெளியே வந்ததும் ஒரு தடவை. குரல் கேட்காதவர்களுக்காக எழுத்திலும் அனுப்புங்கள்.

13. கோளாறு வந்தால்

மைக் செத்துப்போனால் எழுத்தில் பேசலாம், வேட்சிமில் அது முழு உரிமையோடு அனுமதிக்கப்பட்டது. ஃப்ளைட் பிளானில் அதைக் குறிப்பிடவும் வழி இருக்கிறது.

கரண்ட் போய்ப் பாதியில் விழுந்தால் பெரிய பாவம் இல்லை. விட்ட இடத்திலேயே வானத்தில் மறுபடி முளைக்கப் பார்க்காதீர்கள். வேறு யாராவது அங்கே வந்திருக்கலாம். ஒரு ஏர்போர்ட்டின் பார்க்கிங்கில் புதிதாகத் தொடங்குங்கள்.

விமானம் கைமீறிப் போனால், முதலில் விமானத்தைப் பிடியுங்கள், பேச்சு அப்புறம். "ஸ்டாண்ட்பை" என்று நீங்களும் சொல்லலாம். அவசரநிலை விளையாட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கூட்டமான நேரத்தில் அதைக் கைவிடச் சொல்ல கன்ட்ரோலருக்கு உரிமை உண்டு. 7500 என்ற கடத்தல் ஸ்குவாக்கை வேடிக்கைக்குக்கூட வைக்காதீர்கள், அதற்கு அங்கே தடை.